கோடு எல்லையான காலம்: கொரிய மக்களின் பிரிவினை குறித்த ஒரு மறு ஆய்வு

1. மூன்று ஆண்டுகள், மூன்று விடைகள்

கொரிய மக்கள் இரு நாட்டவராகப் பிரிந்தது எப்போது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. 1945 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 38ஆம் அட்சக்கோட்டைத் தங்கள் படைகளுக்கிடையிலான கோடாக ஏற்றபோதே பிரிவினை முடிந்துவிட்டது என்பது முதல் விடை. 1948இல் சியோலிலும் பியோங்யாங்கிலும் தனித்தனி அரசுகள் அறிவிக்கப்பட்டபோதுதான் அது நிகழ்ந்தது என்பது இரண்டாவது. 1950 முதல் 1953 வரை நடந்த போரே கோட்டை எல்லையாக்கியது என்பது மூன்றாவது. எந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துக் குற்றவாளியும் மாறுகிறார். 1945ஐச் சொல்பவர்கள் வல்லரசுகளைக் குற்றம் சாட்டுகிறார்கள். அவர்கள் சொல்லும் வரலாற்றில் கொரியர்கள் பலியானவர்களாக மட்டுமே தோன்றுகிறார்கள். 1948ஐச் சொல்பவர்கள் அதிகாரத்துக்காக நாட்டைக் கூறுபோட்ட தலைவர்களைச் சுட்டுகிறார்கள். 1950ஐச் சொல்பவர்களுக்கு முதலில் படையெடுத்தது யார் என்பதே முழு வழக்காகிவிடுகிறது.

ஆய்வுலகிலும் இதே பிளவு நெடுங்காலம் நிலவியது. மாஸ்கோவின் விரிவாக்கத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொரியப் போர் நிகழ்ந்தது என்ற பனிப்போர்க்கால விளக்கத்தை அமெரிக்க வரலாற்றாசிரியர் புரூஸ் கமிங்ஸ் 1981இலும் 1990இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகள் கடுமையாக அசைத்தன. நிலம், காவல்துறை, குடியேற்ற ஆட்சிக்கு ஒத்துழைத்தவர்களின் எதிர்காலம் ஆகியவை பற்றிய உள்நாட்டு மோதல் 1945லேயே தொடங்கிவிட்டது என்றும், 1950இன் போர் அதன் இறுதிக் கட்டம் என்றும் அவர் வாதிட்டார். சோவியத் ஒன்றியம் கலைந்த பின் திறக்கப்பட்ட ஆவணங்களைக் கேத்ரின் வெதர்ஸ்பி போன்றோர் ஆராய்ந்தபோது, 1950இன் படையெடுப்பை வடக்கின் தலைவர் கிம் இல்-சுங் வற்புறுத்திக் கேட்டதும், ஸ்டாலின் அதற்கு இசைந்ததும், மாவோவின் ஒப்புதல் பெறப்பட்டதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தன. இரு தரப்புச் சான்றுகளும் ஒன்றையொன்று முறியடிப்பவைபோல் தோன்றினாலும், அவை உண்மையில் வெவ்வேறு கேள்விகளுக்கே விடை தருகின்றன. போரைத் தொடங்க முடிவெடுத்தவர் யார் என்பது ஒரு கேள்வி. அப்படியொரு முடிவுக்கு இடமளித்த நிலை எவ்வாறு உருவாயிற்று என்பது மற்றொன்று.

இக்கட்டுரை இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறது. கோட்டை வரைந்தவர்கள் அந்நியர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எல்லையாக இறுகியதற்குக் காரணம், இரு ஆட்சிப் பகுதிகளிலும் இடைநிலை அரசியல் திட்டமிட்டு ஒழிக்கப்பட்டதும், பின்னர் போரின்போது கோடு ஊருக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் இறக்கப்பட்டதுமே என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. பழைய ஒற்றுமையும் புதிய ஒருமையும்

ஐயாயிரம் ஆண்டுகளாக ஒரே மக்களாக வாழ்ந்த இனத்தை வெளியார் பிளந்தனர் என்ற கூற்று வடக்கிலும் தெற்கிலும் ஒரே உறுதியோடு சொல்லப்பட்டு வந்துள்ளது. முதல் அரசை நிறுவியவராகக் கருதப்படும் தொன்ம நாயகர் தங்குனின் பெயரால் தெற்கு அக்டோபர் 3ஐ நாட்டு நிறுவல் நாளாகக் கொண்டாடுகிறது. வடக்கோ தங்குனின் கல்லறையையே கண்டெடுத்ததாக 1993இல் அறிவித்து, அங்கே பெரிய நினைவுக் கட்டடத்தை எழுப்பியது. தொன்மத்தை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் கொரிய ஒற்றுமையின் வயது வியப்பூட்டுவதே. 7ஆம் நூற்றாண்டில் சீனத்தின் தாங் பேரரசோடு கூட்டுச் சேர்ந்து பெக்ஜே, கோகுரியோ ஆகிய அரசுகளை வென்ற சில்லா, பின்னர் தாங் படைகளையும் 676இல் வெளியேற்றித் தீபகற்பத்தின் பெரும்பகுதியை ஒன்றாக்கியது. ஆனால் அதன் ஆட்சி தேதோங் ஆற்றை ஒட்டியே நின்றுவிட்டது. அதற்கு வடக்கே 698 முதல் 926 வரை பால்ஹே என்ற தனியரசு இருந்தது. 936இல் கோரியோ அரசு தெற்கையும் நடுப்பகுதியையும் மீண்டும் ஒன்றிணைத்தது. 1392இல் அதன் இடத்தைப் பிடித்த ஜோசன் அரசு, 15ஆம் நூற்றாண்டில் சேஜோங் மன்னர் காலத்தில் யாலு, தூமென் ஆறுகள்வரை தன் எல்லையை நிலைநிறுத்தியது. அந்த எல்லை அதன்பின் பெரிதாக மாறவில்லை. ஒரே நிர்வாகம், ஒரே தேர்வு முறை, ஒரே மொழி, அதற்கென 1446இல் வெளியிடப்பட்ட எழுத்து ஆகியவற்றோடு ஐந்நூறு ஆண்டுகள் தொடர்ந்த அரசுகள் உலகில் மிகச் சிலவே.

எனினும் ஒரே அரசின் கீழ் வாழ்வதும், தம்மை ஒரே மக்களாக உணர்வதும் ஒன்றல்ல. ஜோசன் சமூகத்தில் யாங்பான் எனப்பட்ட உயர்குடியினருக்கும் நோபி எனப்பட்ட பரம்பரை அடிமைகளுக்கும் இடையே சட்டமே சுவர் எழுப்பியிருந்தது. சில காலங்களில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அடிமைகளாக இருந்தனர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பிறப்புவழிப் படிநிலை சட்டப்படி நீக்கப்பட்டது 1894இல்தான். அதே ஆண்டில் தென்மேற்கில் வெடித்த தோங்ஹாக் உழவர் எழுச்சி, அந்தச் சுவர் எவ்வளவு வெறுக்கப்பட்டது என்பதைக் காட்டியது. வடமேற்கு மாநிலமான பியோங்கான் மக்கள் உயர்பதவிகளிலிருந்து ஒதுக்கப்பட்டதும், 1811இல் அங்கே ஹோங் கியோங்-நே தலைமையில் கிளர்ச்சி மூண்டதும் வட்டார மனக்குறைகள் இருந்ததற்குச் சான்றுகள். இவற்றைக் காட்டி இன்றைய பிரிவினைக்குப் பழைய வேர்கள் தேட முற்படுவோர் உண்டு. அந்த முயற்சி நிலைக்காது. பழைய வட்டாரப் பூசல்கள் எவையும் 38ஆம் அட்சக்கோட்டோடு ஒத்துப்போகவில்லை. அக்கோடு ஒரே மாநிலங்களான கியோங்கியையும் காங்வோனையுமே இரண்டாக வெட்டியது.

அரசனின் குடிகள் என்ற நிலையிலிருந்து வரலாற்றின் நாயகர்களாக மக்களை முன்னிறுத்திய எழுத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது. 1908இல் சின் சே-ஹோ எழுதிய வரலாற்றுக் கட்டுரை அதன் முக்கியமான தொடக்கம். அந்த எண்ணம் வேர்பிடிப்பதற்குள் 1910 ஆகஸ்டில் ஜப்பான் நாட்டை இணைத்துக்கொண்டது. ஆகவே கொரியர்கள் நவீனப் பொருளில் ஒரு தேசமாகத் தம்மை உணர்ந்த காலமும், அந்தத் தேசத்துக்கென ஓர் அரசு இல்லாமல் போன காலமும் ஒன்றாக அமைந்தன. பின்வந்த துயரங்களுக்கு இந்த உண்மை முக்கியமானது: தேசம் என்பது எப்படி ஆளப்பட வேண்டும் என்று தமக்குள் விவாதித்து முடிவெடுக்கும் வாய்ப்பு அம்மக்களுக்கு 1945வரை கிட்டவே இல்லை.

3. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்றவை

முப்பத்தைந்து ஆண்டுக்கால ஜப்பானிய ஆட்சி கொரியாவை வடக்கு, தெற்கு என்று பிரிக்கவில்லை. ஆனால் பிரிவினை பற்றிக்கொள்வதற்கு வேண்டிய விறகை அதுவே அடுக்கிவைத்தது. 1910 முதல் 1918 வரை நடந்த நில அளவை உடைமையைப் பத்திரத்தில் உறுதிசெய்தது. நிலக்கிழார்கள் வலுப்பெற்றனர், குத்தகை உழவர்கள் பெருகினர். காவல்துறையிலும் நிர்வாகத்திலும் கொரியர்களே கீழ்நிலைகளில் அமர்த்தப்பட்டதால், அந்நிய ஆட்சியின் முகமாக ஊரில் தெரிந்தவர் பெரும்பாலும் சொந்த மொழி பேசியவரே. ஹுங்னாம் உரத் தொழிற்சாலை, யாலு ஆற்றின் சுபுங் அணை போன்ற பெருந்தொழில்கள் வடக்கில் எழுந்தன. நெல் விளையும் சமவெளிகள் தெற்கில் இருந்தன. நிலம் இழந்தோரும் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டோரும் மஞ்சூரியாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றதால், 1945இல் கொரியர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் தாய்நாட்டுக்கு வெளியே இருந்தனர்.

விடுதலை இயக்கமும் அவ்வாறே சிதறியது. கிம் கூ தலைமையிலான இடைக்கால அரசு சீனத்தின் சோங்கிங்கில் இருந்தது. சிங்மன் ரீ அமெரிக்காவில் இருந்தார். மஞ்சூரியாவில் கெரில்லாப் போராளியாக இருந்த கிம் இல்-சுங் சோவியத் தூரக்கிழக்கில் செம்படையின் 88ஆவது படைப்பிரிவில் சேர்ந்திருந்தார். வேறு சிலர் யெனானில் சீனப் பொதுவுடைமையினரோடு இருந்தனர். இடதும் வலதும் சேரவே முடியாதவை என்பதற்கு இந்தச் சிதறலைச் சான்றாகக் காட்டுவோர், 1927 முதல் 1931 வரை நாட்டுக்குள்ளேயே இரு தரப்பினரும் சேர்ந்து நடத்திய சிங்கான்ஹோ அமைப்பைக் கணக்கில் கொள்வதில்லை. ஒற்றுமைக்கு முன்னுதாரணம் இருந்தது. 1945இல் அது மீண்டும் எழுந்ததும் உண்மை.

4. அரைமணி நேரக் கோடு

1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவையொட்டி வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரு இளம் இராணுவ அதிகாரிகளிடம், ஜப்பானியப் படைகளின் சரணடைவை ஏற்பதற்காகக் கொரியாவில் ஒரு பிரிகோட்டைப் பரிந்துரைக்கும் பணி தரப்பட்டது. சோவியத் படைகள் ஏற்கெனவே தீபகற்பத்துக்குள் நுழையத் தொடங்கியிருந்தன; அமெரிக்கப் படைகள் வெகு தொலைவில் இருந்தன. சுமார் அரைமணி நேரத்தில், ஒரு சிறு வரைபடத்தைப் பார்த்து, தலைநகர் சியோல் அமெரிக்கப் பகுதியில் அமையுமாறு அவர்கள் 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தனர். சோவியத் தரப்பு மறுப்பின்றி ஏற்றது. கொரியர் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. ரஷ்யாவும் ஜப்பானும் அரை நூற்றாண்டுக்கு முன்பே கொரியாவைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேசியிருந்ததையும், 1903இல் 39ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே நடுநிலைப் பகுதி அமைக்க ரஷ்யா முன்மொழிந்ததையும் அந்த அதிகாரிகள் அறிந்திருக்கவில்லை.

நிலத்தின்மேல் அந்தக் கோடு என்ன செய்தது என்பதைப் புவியியலாளர் ஷானன் மெக்கூன் கணக்கிட்டார்: 12 ஆறுகள், 75க்கும் மேற்பட்ட ஓடைகள், 181 வண்டிப்பாதைகள், 104 கிராமச் சாலைகள், 6 ரயில் பாதைகள். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தெற்கிலும், மின் உற்பத்தியிலும் கனரகத் தொழிலிலும் பெரும்பங்கு வடக்கிலும் அமைந்தன.

எனினும் 1945 ஆகஸ்டில் இது எல்லை அல்ல. படை ஆணையில் எழுதப்பட்ட தற்காலிக ஏற்பாடு மட்டுமே. ஆஸ்திரியாவின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அந்நாடு நான்கு வல்லரசுகளின் படைகளால் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் கார்ல் ரென்னர் அமைத்த இடைக்கால அரசை நான்கு தரப்பும் 1945 அக்டோபரில் ஏற்றதால், நாடு முழுமைக்கும் ஒரே அரசு நீடித்து, 1955இல் படைகள் வெளியேறியபோது ஆஸ்திரியா ஒன்றாகவே விடுதலை பெற்றது. படைகள் நின்ற கோடு தன்னளவில் நாட்டைப் பிளந்துவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. கொரியா போரில் தோற்ற நாடும் அல்ல என்பதை நினைக்கும்போது அதற்கு நேர்ந்த அநீதியின் அளவு புலப்படும்.

5. இடைநிலையின் அழிவு: 1945-1948

ஆஸ்திரியாவில் இருந்தது கொரியாவிலும் இருந்தது. ஜப்பான் சரணடைந்த ஆகஸ்ட் 15ஆம் நாளிலேயே, மிதவாத இடதுசாரியும் பரவலாக மதிக்கப்பட்டவருமான யோ உன்-ஹியோங் அரசு அமைப்பதற்கான ஆயத்தக் குழுவைத் தொடங்கினார். சில வாரங்களுக்குள் நாடெங்கும் மக்கள் குழுக்கள் உருவாகி, உணவு வழங்கல், அமைதி காத்தல், ஜப்பானியர் விட்டுச்சென்ற சொத்துகளைப் பாதுகாத்தல் ஆகிய பணிகளை மேற்கொண்டன. செப்டம்பர் 6இல் கொரிய மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டபோது, வெளிநாட்டில் இருந்த வலதுசாரியான சிங்மன் ரீயின் பெயரே தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. அதில் இடதுசாரிகளின் கை ஓங்கியிருந்தது உண்மையே. ஆனாலும் கோட்டின் இருபுறமும் ஒரே வடிவத்தில் இயங்கிய உள்நாட்டு அமைப்பு அது ஒன்றே.

செப்டம்பர் 8இல் இஞ்சோனில் இறங்கிய ஜெனரல் ஜான் ஹாட்ஜின் அமெரிக்க இராணுவ அரசு அதை ஏற்க மறுத்து, பின்னர் தடை செய்தது. அதற்கு மாற்றாக, ஜப்பானியரிடம் பணியாற்றிய கொரியக் காவலர்களைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. காவல்துறையின் உயர்பதவிகளில் பெரும்பாலோர் பழைய ஆட்சியின் ஊழியர்களாகவே இருந்தனர். நேற்றுவரை அடித்தவனே விடுதலைக்குப் பின்னும் சீருடையில் நின்றதை மக்கள் எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பதற்கு, 1946 அக்டோபரில் தேகுவில் தொடங்கித் தென்மாநிலங்களெங்கும் பரவிய எழுச்சி விடை தந்தது. நெல் கொள்முதல் முறைக்கும் காவல்துறைக்கும் எதிரான அந்தச் சீற்றத்தை இராணுவ அரசு பொதுவுடைமைச் சதியாக மட்டுமே பார்த்தது.

வடக்கில் சோவியத் படை வேறொரு வழியில் அதே விளைவை அடைந்தது. அங்கே மக்கள் குழுக்கள் கலைக்கப்படாமல், உள்ளிருந்து மாற்றப்பட்டன. பியோங்யாங்கில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த கிறித்தவ தேசியவாதி சோ மான்-சிக் முதலில் முன்னிறுத்தப்பட்டு, 1946 ஜனவரியில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1945 நவம்பரில் சினுய்ஜுவில் எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள் சுடப்பட்டனர். 1946 மார்ச்சில் நிலக்கிழார்களின் நிலம் இழப்பீடின்றி எடுக்கப்பட்டு உழவர்களுக்கு வழங்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் நடந்தேறிய இச்சீர்திருத்தம் லட்சக்கணக்கான குத்தகைக் குடும்பங்களின் நூற்றாண்டுக்கால வேட்கையை நிறைவேற்றியது என்பதை மறுக்க இயலாது. அதேவேளையில் அது எதிர்க்கருத்துக்கான சமூக அடித்தளத்தையே வடக்கிலிருந்து பெயர்த்துத் தெற்கே அனுப்பியது. நிலம் இழந்தோரும் கிறித்தவர்களும் கோட்டைக் கடந்தனர். அவர்களின் இளைஞர்கள் 1946 நவம்பரில் வடமேற்கு இளைஞர் சங்கம் என்ற வன்முறை அமைப்பில் திரண்டனர். வடக்கின் நிலச் சீர்திருத்தத்துக்கும் தெற்கே ஜேஜு தீவில் பின்னர் சிந்திய இரத்தத்துக்கும் இடையிலான தொடர்பு இந்த அமைப்பின் வழியேதான் செல்கிறது.

இந்த இரு போக்குகளுக்கும் நடுவே கிடைத்த ஒரே பன்னாட்டு வாய்ப்பு 1945 டிசம்பரின் மாஸ்கோ உடன்பாடு. கொரியா முழுமைக்கும் ஓர் இடைக்கால அரசு அமைப்பது, அதற்கு நான்கு வல்லரசுகள் ஐந்தாண்டுகளுக்கு மேற்படாத காலம் வழிகாட்டும் பொறுப்பாட்சியை நடத்துவது என்பவை அதன் சாரம். பொறுப்பாட்சியை நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தது அமெரிக்கா. ஆனால் டிசம்பர் 27இல் சியோலின் தோங்-ஆ இல்போ நாளிதழ், சோவியத் ஒன்றியம் பொறுப்பாட்சியைக் கோருகிறது, அமெரிக்கா உடனடி விடுதலையைக் கோருகிறது என்று நேர்மாறாகச் செய்தி வெளியிட்டது. மீண்டும் அந்நியர் ஆட்சியா என்ற கொதிப்பு நாடெங்கும் பரவியது. இடைக்கால அரசு என்ற முதற்பகுதி மறக்கப்பட்டு, பொறுப்பாட்சி என்ற ஒன்றே விவாதப்பொருளாயிற்று. முதலில் எதிர்த்த பொதுவுடைமையினர் ஜனவரியில் ஆதரவுக்கு மாறியதால் சோவியத்தின் கையாட்களாகத் தோன்றினர். ஜப்பானியரோடு ஒத்துழைத்த பலர் எதிர்ப்பணியில் சேர்ந்து ஒரே வாரத்தில் தேசபக்தர்களாயினர். எதிர்ப்பியக்கத்தை முன்னின்று நடத்தியவர் கிம் கூ. அவருடைய நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஒன்றுபட்ட அரசுக்கான ஒரே பன்னாட்டுக் கட்டமைப்பைத் தகர்ப்பதில் அந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதையும் மறைக்க முடியாது. பின்னாளில் பிரிவினையைத் தடுக்க அவர் உயிரையே பணயம் வைத்தபோது அதற்கான கருவிகள் கையில் இல்லாமல் போயின.

அமெரிக்க-சோவியத் கூட்டு ஆணையம் 1946 மே மாதம் முடங்கியதும், ஜூன் 3இல் சிங்மன் ரீ ஜோங்குப் நகரில் தெற்குக்குத் தனி அரசு வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். வடக்கில் ஓர் இடைக்கால மக்கள் குழு அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே அரசுபோல் இயங்கத் தொடங்கியிருந்தது. இடையில் நின்ற யோ உன்-ஹியோங்கும் மிதவாத வலதுசாரியான கிம் கியூ-சிக்கும் இடது-வலது ஒத்துழைப்புக் குழுவை அமைத்து, அக்டோபரில் ஏழு கொள்கைகளை வெளியிட்டனர். இரு முனைகளும் அதை ஏற்கவில்லை. 1947 ஜூலை 19இல் சியோலின் நடுவீதியில் யோ உன்-ஹியோங் சுட்டுக் கொல்லப்பட்டார். நிகழ்வுகளின் வரிசையைக் கூர்ந்து நோக்கினால், பிரிவினையைத் தடுத்து நிறுத்தக்கூடிய கடைசிக் கட்டம் இந்தக் கொலையோடு முடிந்தது என்றே கருதத் தோன்றுகிறது.

அமெரிக்கா விவகாரத்தை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசென்றது. தேர்தலை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட தற்காலிக ஆணையத்தின் தலைவராக இந்தியாவின் கே.பி.எஸ். மேனன் இருந்தார். வடக்கில் நுழைய சோவியத் தரப்பு அனுமதி மறுத்ததால், தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. அதன் ஆபத்துகளைப் பற்றிய ஐயங்களை மேனனே நியூயார்க்கில் எடுத்துரைத்தார். கனடாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்து வாக்களித்தன. இறுதியில் ஆணையத்துக்குள் இந்தியா தேர்தலுக்கு ஆதரவாகவே வாக்களித்தது. பிரிவினையைத் தன் மண்ணில் அப்போதுதான் அனுபவித்திருந்த இந்தியா, மற்றொரு பிரிவினைக்கு வழிவிட்ட அந்த வாக்கு இந்திய அயலுறவு வரலாற்றில் போதிய விவாதம் பெறாத ஒன்று.

1948 ஏப்ரலில் கிம் கூவும் கிம் கியூ-சிக்கும் கோட்டைக் கடந்து பியோங்யாங் சென்று பேசினர், பயனில்லை. அதே மாதம் 3ஆம் நாள் ஜேஜு தீவில், முந்தைய ஆண்டின் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டாலும் தனித்தேர்தல் அறிவிப்பாலும் கொதித்த இடதுசாரிகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியாளர்கள் சில நூறு பேரே. அதை அடக்க அனுப்பப்பட்ட காவல்துறை, இராணுவம், வடமேற்கு இளைஞர் சங்கம் ஆகியவை மலையடிவாரக் கிராமங்களை எரித்தழித்தன. 25,000 முதல் 30,000 பேர்வரை, அதாவது தீவு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், கொல்லப்பட்டனர் என்று தென்கொரிய அரசின் ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. அந்த ஆண்டில் குடியரசுத் தலைவர் ரோ மூ-ஹியுன் மன்னிப்புக் கோரினார். 1948 மே 10இல் தேர்தல் நடந்தது. நான்கு நாள்களில் வடக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. ஆகஸ்ட் 15இல் கொரியக் குடியரசும் செப்டம்பர் 9இல் கொரிய மக்கள் சனநாயகக் குடியரசும் பிறந்தன. மறு ஆண்டு ஜூன் 26இல் கிம் கூ ஓர் இராணுவ அதிகாரியால் கொல்லப்பட்டார்.

இரு அரசுகளும் தம்மைப் பாதிநாட்டின் அரசாகக் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தெற்கின் அரசமைப்புச் சட்டம் தீபகற்பம் முழுவதையும் தன் நிலப்பரப்பாக அறிவித்தது. வடக்கின் அரசமைப்புச் சட்டம் 1972வரை சியோலையே தன் தலைநகராகக் குறித்தது. ஒவ்வொன்றின் இருப்பும் மற்றதன் இருப்பை மறுப்பதாக அமைந்ததால், போர் என்பது அந்தச் சட்டங்களுக்குள்ளேயே கருக்கொண்டிருந்தது.

6. வீட்டுக்குள் இறங்கிய கோடு

1950 ஜூன் 25இல் வடக்கு படையெடுத்தது. முன் ஆண்டில் ஓங்ஜின், கேசோங் பகுதிகளில் இரு தரப்பும் மோதிக்கொண்டிருந்தன என்பது உண்மையாயினும், முழுப்போரைத் தொடங்கிய பொறுப்பு கிம் இல்-சுங்குக்கும் அதற்கு இசைந்த ஸ்டாலினுக்கும் உரியது. சியோல் ஓராண்டுக்குள் நான்கு முறை கைமாறியது. பத்து லட்சக்கணக்கில் மக்கள் மாண்டனர். வடக்கின் நகரங்கள் அமெரிக்கக் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. இவை பரவலாக அறியப்பட்டவை. பிரிவினையின் வரலாற்றுக்கு இவற்றைவிடவும் முக்கியமானது, ஒவ்வொரு முறை ஆட்சி மாறியபோதும் ஊருக்குள் நடந்தது.

போரின் முதல் வாரங்களில், மனம் மாறிய இடதுசாரிகள் என்று பதிவு செய்யப்பட்டு போதோ கூட்டமைப்பில் சேர்க்கப்பட்டிருந்தவர்களைத் தென்கொரியக் காவல்துறையும் படையும் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. அரிசிப் பங்கீட்டுக்காகவும் ஊர்ப் பெரியவரின் வற்புறுத்தலாலும் பெயர் கொடுத்த உழவர்கள் அவர்களில் பலர். வடக்கின் படை நுழைந்தபோது மக்கள் நீதிமன்றங்கள் நடந்தன. அது பின்வாங்கியபோது ஒத்துழைத்தோர் பழிவாங்கப்பட்டனர். ஹ்வாங்ஹே மாநிலத்தின் சின்சோனில் 1950 இலையுதிர்காலத்தில் நடந்த பெருங்கொலைகளுக்கு வடக்கு அமெரிக்கப் படையையே குற்றம் சாட்டி அருங்காட்சியகம் அமைத்துள்ளது. ஆனால் அங்குக் கொன்றவரும் இறந்தவரும் பெரும்பாலும் ஒரே ஊரைச் சேர்ந்த கிறித்தவர்களும் பொதுவுடைமையினருமே என்பதைத் தென்கொரிய எழுத்தாளர் ஹ்வாங் சோக்-யோங் தம் 2001ஆம் ஆண்டு நாவலில் நேர்நின்று எழுதினார். இரு தரப்பின் அதிகாரபூர்வ நினைவுக்கும் ஒவ்வாத அந்த நாவலுக்கு எழுந்த எதிர்ப்பே அதன் உண்மைக்கு ஒரு சான்றாகும்.

1953 ஜூலை 27இன் போர்நிறுத்தம் 38ஆம் அட்சக்கோட்டை அகற்றி, படைகள் நின்ற இடத்தையே கோடாக்கியது. தெற்கில் இருந்த கேசோங் வடக்குக்குப் போயிற்று; வடக்கில் இருந்த சோக்சோவும் சோர்வோனின் பெரும்பகுதியும் தெற்குக்கு வந்தன. சோர்வோனில் தொழிலாளர் கட்சி அலுவலகத்தின் இடிபாடு இன்றும் தெற்கின் மண்ணில் நிற்கிறது. எட்டே ஆண்டுகளில் ஒரே ஊர் மூன்று ஆட்சிகளைக் கண்டது. 1950 டிசம்பரில் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பலேறினர். ஹ்வாங்ஹேயின் யோன்பேக் சமவெளியினர் எதிரே தெரியும் கியோதோங் தீவுக்குப் படகேறினர். சில நாள்களில் திரும்பிவிடலாம் என்றே அவர்கள் நம்பியிருந்தனர்.

அவர்களுக்குத் திரும்பும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பது பலரும் அறியாதது. இடம்பெயர்ந்த பொதுமக்கள் விரும்பினால் போருக்கு முன் வாழ்ந்த பகுதிக்குத் திரும்ப இரு தரப்பும் உதவ வேண்டும் என்கிறது அதன் 59ஆம் பத்தி. போர்க்கைதிகளின் விருப்பத்தை அறிய இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைமையில் நடுநிலை நாடுகளின் ஆணையம் செயல்பட்டது. இரு கொரியாக்களையும் சீனத்தையும் மறுத்த 88 கைதிகள் இந்தியப் படையோடு இந்தியாவுக்குக் கப்பலேறினர். பொதுமக்களுக்கோ அத்தகைய அக்கறை கிட்டவில்லை. 59ஆம் பத்தி 1954லேயே செயலற்றுப் போயிற்று.

அதற்குப் பதிலாக வந்தது உறவினரின் பாவத்தை வீட்டார் சுமக்கும் முறை. தெற்கில், வடக்கே சென்றவரின் பிள்ளைகளுக்கு அரசுப்பணியும் வெளிநாட்டுப் பயணமும் மறுக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டமே இதைத் தடை செய்தது. வடக்கில், குடும்பப் பின்னணியின்படி மக்கள் நம்பகமானோர், ஊசலாடுவோர், பகைவர் என வகைப்படுத்தப்பட்டனர். தெற்கே சென்றவரின் உறவினர் பகைவர் பட்டியலில் விழுந்தனர். இரு புறமும் தாய்மார்கள் கணவனின் பெயரை மறைத்துப் பிள்ளைகளை வளர்த்தனர். அரசமைப்புச் சட்டங்களும் முள்வேலியும் செய்ய முடியாததை இந்த மௌனம் செய்தது: பிரிவு குடும்பங்களின் நினைவுக்குள்ளேயே நடந்தேறியது.

7. தீபகற்பத்துக்கு அப்பால்

கொரியப் பிரிவினை இரு அரசுகளோடு முடிவதில்லை. 1937இல் சோவியத் தூரக்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 1,72,000 கொரியர்கள் கசக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ரயில் பெட்டிகளில் கடத்தப்பட்டனர். ஜப்பானியர் சகாலின் சுரங்கங்களுக்குக் கொண்டுசென்ற தென்மாநிலத்தவர், தீவு சோவியத் வசமானபின் பல பத்தாண்டுகள் அங்கேயே அடைபட்டனர்.

ஜப்பானில் தங்கியவர்களின் நிலை இவற்றுள் தனித்துவமானது. 1947இல் அந்நியர் பதிவேட்டில் அவர்கள் அனைவரும் ஜோசன் நாட்டவர் என்று குறிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டில் அப்படியொரு நாடு இல்லாமலே போயிற்று. 1952இல் ஜப்பானியக் குடியுரிமையையும் இழந்தனர். 1959 முதல் 1984 வரை ஏறத்தாழ 93,000 பேர் நீகாத்தா துறைமுகத்திலிருந்து வடகொரியாவுக்குத் தாயகம் திரும்புவோராகக் கப்பலேறினர். அவர்களில் பெரும்பாலோரின் சொந்த ஊர்கள் தெற்கில் இருந்தன. தென்கொரியக் குடியுரிமை பெறாமல், இல்லாத நாட்டின் பெயரையே இன்றும் பதிவேட்டில் வைத்திருப்போர் உள்ளனர். எந்தப் பாதியையும் தேர்ந்தெடுக்க மறுத்தவர்களுக்கு உலகின் சட்ட ஒழுங்கில் இடமில்லை என்பதையே அவர்களின் வாழ்வு காட்டுகிறது.

8. ஒன்றிணைப்பும் உறவுரிமையும்

1972இன் கூட்டறிக்கை முதல் 2018இன் பான்முன்ஜோம் அறிக்கை வரை, இரு அரசுகளும் பேசிய போதெல்லாம் ஒரே இனம் என்பதே பேச்சின் அடித்தளமாக இருந்தது. 1991 டிசம்பர் உடன்பாடு, இரு தரப்பின் உறவு நாடுகளுக்கிடையிலான உறவு அல்ல, ஒன்றிணைப்பை நோக்கிய தனிச்சிறப்பான உறவு என்றே வரையறுத்தது. 2023 டிசம்பரில் கிம் ஜோங்-உன் இந்த அடித்தளத்தையே கைவிட்டு, இவை பகைமை கொண்ட இரு நாடுகள் என்று அறிவித்தார். பியோங்யாங்கின் ஒன்றிணைப்பு நினைவு வளைவு 2024 ஜனவரியில் அகற்றப்பட்டது. தெற்கிலும் இளைய தலைமுறையினரிடம் ஒன்றிணைப்பின் மீதான ஆர்வம் குன்றிவருகிறது.

ஒன்றிணைப்பு என்ற இலக்கோடு பிரிந்த குடும்பங்களின் உரிமையும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததுதான் இதில் கவலைக்குரியது. 1983இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி 138 நாள்கள், மொத்தம் 453 மணி நேரத்துக்கு மேல் நேரலையில் நடத்திய தேடலில், தெற்கிற்குள்ளேயே ஒருவரையொருவர் தொலைத்திருந்த 10,189 குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. கோட்டைத் தாண்டிய சந்திப்புகளோ 2000 முதல் 2018 வரை 21 சுற்றுகள் மட்டுமே நடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நூறு பேர், கண்காணிப்பின் கீழ், சில மணி நேரம் பேசிப் பிரிந்தனர். சந்திப்பு அரசுகள் அளிக்கும் சலுகையாகவே இருந்தது. உறவு கசந்தபோதெல்லாம் சலுகை நிறுத்தப்பட்டது. தெற்கில் பதிவு செய்திருந்த சுமார் 1.3 லட்சம் பேரில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.

இரு நாடுகள் என்ற வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசென்றால் கிடைப்பது வேறு. பகை நாடுகளுக்கிடையேயும் கடிதம் செல்கிறது. இறப்புச் செய்தி தெரிவிக்கப்படுகிறது. கல்லறைக்குச் சென்றுவர அனுமதி கேட்க இயலுகிறது. ஒரே இனம் என்பதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் 59ஆம் பத்தியில் கையெழுத்திட்ட தரப்புகளின் வாரிசுகளே. தெற்கு கையெழுத்திடவில்லை எனினும், அதன் சார்பில் ஐ.நா. படைத்தலைமை இட்ட கையெழுத்து இன்றும் செல்லுபடியாகிறது. எனவே உயிரோடிருக்கும் முதியவர்களுக்குக் கடிதமும், உறவினர் உயிரோடு உள்ளாரா என்ற தகவலும், ஊர் சென்றுவரும் உரிமையும் ஒன்றிணைப்புப் பேச்சுக்குக் காத்திராமல் உடனே வழங்கப்பட வேண்டும். அவர்களில் பெரும்பகுதியினர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.